அந்தப் பக்கம் இறங்கியவர்கள்

என் அருமைக் கோமதி,

இத்தனை நாள் உன்னோடு பேசாமல் இருந்தேன். உன் படம் ஒன்றை உன் மகள் மீனா கொடுத்துவிட்டுப் போனாள். அதை அலமாரியில் கவிழ்த்துத்தான் வைத்திருக்கிறேன். செத்துப்போனவள் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகுது மதினி என்று நீ கேட்பாய். ஒன்றும் ஆகாது. ஆனாலும் கோபம் இருக்கிறதே, அதை எங்கே கொண்டுபோய் வைக்க?

நேற்று மீனா போன் செய்தாள். அவள் கேட்டதைக் கேட்ட பிறகு உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை கழிந்தபின் இந்தக் கடிதத்தை யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். அதனால் உனக்குத் தெரிந்த சிலதையும் சொல்லிக்கொண்டு போகிறேன். பொறுத்துக்கொள். பொறுத்துக்கொள்வதில்தான் உன்னை மிஞ்ச ஆள் கிடையாதே.

உன் வீட்டுக்காரர் போன பிறகு, பெங்களூரில் வேலையிலிருக்கும் மகளோடு போய் இருக்கப் பிடிக்காமல், மந்தைவெளியில் எங்கள் கட்டடத்துக் கீழ்வீட்டுக்கு நீ குடிவந்தாய். மோட்டார் ஓடாத ஒரு காலையில் குடத்தோடு என் வாசலில் வந்து நின்றாய். "மதினி, ஒரு கொடம் தண்ணி கிடைக்குமா?" நான் சிந்தாதிரிப்பேட்டைக்காரி. டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். முன்பின் தெரியாத ஒருத்தி மதினி என்றதும் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க அண்ணனை நான் கட்டிக்கலையேம்மா" என்றேன். "கெட்டாம தப்பிச்சதுக்குச் சாமிக்கு ஒரு தேங்கா ஒடைங்க" என்று நீயும் சிரித்தாய். அந்த அண்ணனைப் பற்றி அன்றைக்கு எனக்கு என்ன தெரியும்?

உன்னைப் பத்மாவின் நாடகக் குழுவுக்குக் கூட்டிக்கொண்டு போனவள் நான்தான். மயிலாப்பூர் மாட வீதியிலிருந்து திரும்பும் சந்தில் பத்மாவின் வீடு. வருஷத்துக்கு ஒரு நாடகம். எல்லோரும் பேரன் பேத்தி எடுத்த பெண்கள். மாமியார் மருமகள் சண்டையை விட்டால் எங்களுக்கு வேறு கதை தெரியாது. அங்கேதான் ஒருநாள், காப்பி ஆறிக்கொண்டிருக்க, நீ உன் ரயில் கதையைச் சொன்னாய்.

கல்யாணத்துக்கு முன் அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்குத் தினமும் காலைப் பாசஞ்சரில் போய் வந்தாயாம். வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிற வேலை. பெண்கள் பெட்டியில் நீங்கள் நாலு பேர். டீச்சர் சுப்பு, ஒரு நர்ஸ், பாங்கில் வேலை பார்த்த இன்னொருத்தி. டிபன் டப்பாவை மாற்றிச் சாப்பிடுவது, ஜன்னல் சீட்டுக்கு முறை வைப்பது, ஒருத்திக்கு மாதவிலக்கு வலி என்றால் மற்ற மூன்று பேரும் நின்றுகொண்டு அவளைப் படுக்க வைப்பது. எங்களுக்குக் கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது.

பிறகு அந்த மழை நாள். ஆபீசில் வேலை பார்த்த பையன் ஒருவன் ஸ்டேஷன் வரைக்கும் உனக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தான். அவன் வேறு சாதி. அவ்வளவுதான் விஷயம். அது உனக்கு முன்னால் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு சாயங்காலம் வண்டி அம்பாசமுத்திரத்தில் நின்றபோது, பிளாட்பாரத்தில் உன் அண்ணன் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "அப்பதான் மதினி, சுப்பு மொதல்ல எறங்கினா. 'இவ மேல கை வைக்கதுக்கு முன்ன என் மேல வையிங்க'ன்னு குறுக்க நின்னா. மத்த ரெண்டு பேரும் பின்னாலயே எறங்கிட்டாளுக. மூணு பேரும் என்னைய நடுவுல விட்டு, ரத வீதி வழியா வீடு வரைக்கும் கையப் பிடிச்சிக் கூட்டிட்டுப் போனாளுக."

நீ சொல்லி முடித்ததும் பத்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதுதாண்டி நாடகம்! இதை விட்டுட்டு எதுக்கு நாம மாமியாரைப் போட்டு வறுத்தெடுத்துண்டு இருக்கோம்?" என்றாள். ரெண்டு பெஞ்சு, ஒரு ஜன்னல் சட்டம். அதுதான் ரயில். பெயர் 'பெண்கள் பெட்டி'. அறுபது வயதுக்காரி நீயே இருபது வயதுக் கோமதி. தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டு வந்து என் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று, "கல்யாணத்துக்குக் கேக்க வந்துருவானுவளோ?" என்று கேட்டாயே. உன் சுப்புவாக நான். மீசை ஒட்டிக்கொண்டு அண்ணனாகப் பத்மா.

ஒத்திகையில் நாங்கள் உங்கள் ஊர்ப் பேச்சைப் பேசிய லட்சணம்! 'சொல்லுதேன்' என்று சொல்ல வராமல் நான் 'சொல்றேன்பா' என்று இழுக்க, நீ பெஞ்சில் விழுந்து விழுந்து சிரித்தாய். "சுப்பு மெட்ராஸ்ல பொறந்து எங்க ஊரு அம்பைக்கு வாக்கப்பட்டவன்னு வச்சிக்கிடுங்க" என்று பத்மாவிடம் எனக்காகப் பரிந்து பேசினாய். அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் உன் தொண்டையில் அந்தக் கரகரப்பு ஆரம்பித்தது. சளி என்று நினைத்தோம்.

அடையாறில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு உன்னை முதல் தடவை நான்தான் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். புற்றுநோய்தான் என்று முடிவு வந்த வாரம் குழுவே திரண்டு வந்தது. ஆப்பிள், ஹார்லிக்ஸ், விபூதிப் பொட்டலம். பத்மா உன் தலையைத் தடவி, "நாடகத்தை நீ வந்துதான் போடுவோம், தெரிஞ்சுக்கோ" என்றாள். அதற்கப்புறம் நீ இருந்தவரை அவர்களில் ஒருத்தியும் உன் வாசற்படியை மிதிக்கவில்லை. நான் இதைக் கூட்டிச் சொல்லவில்லை. உனக்கே தெரியும்.

முதலில் போன் வந்தது. பிறகு வாட்ஸப்பில் பூப்படம் வந்தது. பிறகு அதுவும் நின்றது. ஒருநாள் என் போனில் 'பெண்கள் பெட்டி புதுசு' என்று ஒரு குரூப். பழைய குரூப்பில் இருந்த எல்லோரும் அதில் இருந்தோம். உன்னைத் தவிர. கோமதி வேஷம் வனஜாவுக்கு என்று பத்மா எழுதியிருந்தாள், கீழே பத்துக் கைதட்டல் பொம்மைகளோடு.

நான் அப்படியே கீழே இறங்கி வந்து உன்னிடம் போனைக் காட்டினேன். மறைக்க எனக்குத் தோன்றவில்லை. நீ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாய். "பாவம், அதுகளும் நாடகம் போடணும்லா மதினி" என்றாய். "உனக்குக் கோவமே வராதா?" என்று கத்தினேன். "வந்து?" என்றாய். அந்த 'வந்து' இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

வனஜா உனக்குப் போன் செய்தாள், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க இல்லை. பிளாட்பாரத்துக் காட்சியில் வசனம் எப்படிச் சொல்வது என்று கேட்க. வாயெல்லாம் புண். தண்ணீர் விழுங்கவே கண்ணில் நீர் வரும் உனக்கு. நீ தலையணையில் சாய்ந்தபடி அவளுக்கு ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுத்தாய். "அவசரப்படாதீங்க. பயந்தவ வெரசாப் பேசமாட்டா" என்றாய். போனை வைத்த பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாய். நான் கொண்டுவந்த ரசம் அன்றைக்கு அப்படியே இருந்தது.

நானும் விலகிவிடுகிறேன் என்றபோது நீதான் விடவில்லை. "நீங்க சுப்புவா நிக்கணும் மதினி. நீங்க நிக்கலைன்னா அந்த எடத்துல யாரு நிப்பா?" என்றாய். சரி என்றேன். உனக்காகத்தான் ஒத்திகைக்குப் போனேன். அவர்கள் யாரும் உன்னைப் பற்றி என்னிடம் விசாரிக்கவில்லை. நான் உள்ளே நுழைந்தால் பேச்சை மாற்றிக்கொள்வார்கள், என் சேலையில் ஆஸ்பத்திரி வாடை அடிப்பது போல.

நீ ஒரு புதன்கிழமை மத்தியானம் போனாய். பத்மா உன் வீட்டுக்கு வந்தாள், செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். "இந்த நாடகத்தை அவளுக்கே சமர்ப்பணம் பண்ணிடலாம் சரோஜா" என்றாள். நீ உள்ளே கிடத்தப்பட்டிருந்தாய்.

சமர்ப்பணம் நன்றாகவே நடந்தது. தி.நகரில் ஒரு ஹால். உன் படத்துக்கு ரோஜா மாலை, குத்துவிளக்கு, வருகிறவர்களுக்கெல்லாம் சந்தனம், கல்கண்டு. நாற்காலி போதாமல் சுவர் ஓரம் நின்று பார்த்தார்கள். பிளாட்பாரத்துக் காட்சியில் பத்மா செருப்பை ஓங்கியதும் நான் குறுக்கே போய் நின்று, நீ சொல்லிக் கொடுத்த அதே நிதானத்தில் வசனத்தைச் சொன்னேன். 'வையிங்க' என்பதைக்கூடச் சரியாகச் சொல்லிவிட்டேன் கோமதி. ஹாலே எழுந்து நின்று தட்டியது. வனஜாவை நடுவில் விட்டு நாங்கள் மேடையைச் சுற்றி நடந்தபோது முன் வரிசையில் பெண்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். எனக்கு மட்டும் அழுகை வரவில்லை.

முடிந்ததும் மீனாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். உன் மகள் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னதை நீ கேட்டிருக்க வேண்டும். இல்லை, உனக்குக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. அது நீ எழுதிக் கொடுத்த வசனம்தானே.

"நான் வாரக் கடைசிலதான் வர முடிஞ்சுது. மத்த நாள்லாம் அம்மா தனியா இருப்பாங்களேன்னு எனக்கு பயம். ஆனா அம்மா தினமும் போன்ல சொல்லுவாங்க. இன்னிக்கு பத்மா மாமி வந்து பக்கத்துல உக்காந்து பாட்டுப் பாடினாங்க. இன்னிக்கு வனஜா ஆன்ட்டி மிளகு ரசம் கொண்டுவந்து ஸ்பூன்ல ஊட்டினாங்க. இன்னிக்கு எல்லாரும் வந்து வீடே கலகலன்னு இருந்துச்சுன்னு. சரோஜா ஆன்ட்டிகூட அப்பப்ப வந்து எட்டிப் பாத்துக்கிட்டாங்க. எங்கம்மாவுக்குச் சின்ன வயசுலயும் நல்ல சிநேகிதிங்க, கடைசி காலத்துலயும் நல்ல சிநேகிதிங்க." அப்புறம் அவர்கள் எல்லோரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவர்கள் திருப்பிக் கும்பிட்டார்கள், கோமதி. பத்மா ஒரு நொடி என் பக்கம் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு கும்பிட்டாள். வனஜா கண்ணீரோடு மீனாவைக் கட்டிக்கொண்டாள். எப்போதோ எட்டிப் பார்த்த நான் ஓரமாக நின்றேன்.

சனி ஞாயிறில் தாயும் மகளும் தனியாக இருக்கட்டும் என்று நான் கீழே வராமல் இருந்தேன். அதனால் மீனா என்னை அதிகம் பார்த்ததில்லை. அது நியாயம்தான். ஆனால் நீ? நான் வைத்த ரசத்தை வனஜாவுக்குக் கொடுத்தாய். நான் உட்கார்ந்த நாற்காலியைப் பத்மாவுக்குக் கொடுத்தாய். என் ஒருத்தியின் நாட்களை எடுத்து, வராதவர்களுக்கெல்லாம் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறாய். ஏன்? மகள் கவலைப்படக் கூடாது என்றா? ஒருத்திதான் வந்தாள் என்று சொல்ல உனக்கு வெட்கமாக இருந்ததா? அந்த ஒருத்தி உனக்குப் போதவில்லையா?

வேஷம் கலைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். யாரோ தட்டினார்கள். திறந்தால் ஒரு வயதான அம்மா, கையில் மஞ்சள் பை, தோளில் சரியாக நிற்காத புடவைத் தலைப்பு.

"நீங்கதான சுப்புவா நடிச்சது?"

ஆமாம் என்றேன். பாராட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"நாந்தாம்மா அந்தச் சுப்பு."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை. மீனாதான் உன் போனிலிருந்து நம்பரைத் தேடிக் கூப்பிட்டாளாம். "அம்மா எப்பவும் ஒங்களப் பத்தித்தான் சொல்லுவாங்க, கண்டிப்பா வரணும்னா அந்தப் பிள்ள. எம் மகன் வீடு கோடம்பாக்கத்துல இருக்கு. வந்துட்டேன்" என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நாங்க யாரும் நிக்கலம்மா. அவ அண்ணன் செருப்போட நிக்கதப் பாத்ததும் 'ஏட்டி, எந்திரிங்கட்டி'ன்னு மத்தவளுவள எழுப்பினதே நாந்தான். அந்தப் பக்கத்துக் கதவத் தொறந்து தண்டவாளத்துல எறங்கிட்டோம். அவ ஒருத்திதான் பிளாட்பாரத்துப் பக்கம் எறங்கினா. நான் திரும்பிப் பாத்தேன். பொட்டி மறச்சிட்டு. சத்தம் மட்டும் கேட்டுது."

"அதுக்கப்புறம்?"

"மறுநாள்லருந்து நாங்க வேற பொட்டியில ஏறினோம். எங்க வீட்லயும் ஏசுவாகல்லா? அவ அண்ணனுக்கு அவ சம்பளம் வேணும். அதனால வேலைக்கு அனுப்பத்தான் செஞ்சான். அவ அந்தப் பொட்டியிலயே ஒத்தைக்கு வந்தா. கல்யாணம் ஆயி மெட்ராஸ் போகுத வரைக்கும் ஒத்தைக்குத்தான் வந்தா. ஸ்டேஷன்ல எங்களப் பாத்தா சிரிப்பா. அதான் எங்களுக்குத் தாங்காது."

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். வாட்ஸப்பைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றும்போது நீ அதைத்தான் சிரித்தாய்.

"இதுக்கு அவ என்னைய நாலு பேரு முன்னால ஏசியிருக்கலாம்" என்றாள் சுப்பு. "இப்படி நல்லவளாக்கி நடுவுல நிப்பாட்டிட்டாளே. அத்தன பேரும் எனக்குல்லா கை தட்டினாங்க. நான் எங்க போயி மொகத்த வைக்க?"

அவள் அழுதாள். நான் அவளைத் தேற்றவில்லை. எனக்கு அவள் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "கடைசில என்னையப் பத்தி ஏதும் சொன்னாளா?"

"சொன்னா. நீங்கதான் மொதல்ல வந்து நின்னீங்கன்னு சொன்னா" என்றேன்.

நான் சொன்னது உண்மை. அதைவிடக் கொடுமையாக வேறெதையும் என்னால் சொல்லியிருக்க முடியாது. சுப்பு பையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே போனாள். அங்கே மீனா அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுப்பதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். சுப்பு கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மரம் மாதிரி நின்றாள்.

மறு வாரம் பத்மா வீட்டுக்குப் போனேன். எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். அடையாறில் ஒரு சபாவில் இதே நாடகத்தைப் போடக் கேட்டிருக்கிறார்களாம். போளி வாங்கி வைத்திருந்தார்கள். நான் உட்காரவில்லை.

"இன்னா பத்மா, அந்தப் பொண்ணு மைக்ல நின்னு கும்பிட்டப்போ உனக்கு ஒண்ணும் தோணலையா?" என்றேன். எனக்குக் கோபம் வந்தால் சிந்தாதிரிப்பேட்டை வந்துவிடும், உனக்குத் தெரியும்.

"நான் என்னடி பண்றது? அத்தனை பேர் முன்னாடி, இல்லேம்மா, உங்கம்மா பொய் சொல்லியிருக்கான்னு சொல்லவா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வரணும்னுதான் இருந்தது சரோஜா. அவ ஆஸ்பத்திரில இருந்தப்போ ஒருநாள் அடையாறுல பஸ்ஸை விட்டு எறங்கிட்டேன். எங்க அக்காவும் அங்கதான் தவறிப்போனா. அந்த வாசலைப் பாத்ததும் கால் வரலை. திரும்பி வந்துட்டேன்."

பொய் சொல்கிறாள் என்று நான் நினைக்கவில்லை. "போன் பண்றதுக்குக் கால் வேணாமே" என்றேன்.

சுப்பு வந்ததையும் சொன்னதையும் அவர்களிடம் சொன்னேன். உண்மையில் நடந்தபடியே நாடகத்தின் முடிவை மாற்றலாம் என்றேன். அந்தப் பக்கம் இறங்கிப் போகிற சுப்புவாக நானே நடிக்கிறேன் என்றேன்.

பத்மா பதறிப்போனாள். "ஐயையோ, அப்படி முடிச்சா யார் பாப்பா? ஜனங்க அழுதுண்டு ஆத்துக்குப் போகலாம். அவமானப்பட்டுண்டு போகப்படாது."

வனஜா மட்டும் போளியைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நெசமாவே அடிச்சாங்களா அவங்கள? போன்ல எனக்கு வசனம் சொல்லிக் குடுத்தப்போ ஒரு வார்த்தை சொல்லலையே" என்றாள். அவளிடம் என்ன சொல்வது? நாம் எல்லோரும் வேறு குரூப்புக்கு மாறிக்கொண்டது போலத்தான் அவர்களும் வேறு பெட்டிக்கு மாறிக்கொண்டார்கள் என்றேன். நான் படியிறங்கி வந்துவிட்டேன். இப்போது சுப்பு வேஷத்துக்கு வேறு ஆள் தேடுகிறார்களாம்.

அன்றிலிருந்து ஒரே கேள்விதான் எனக்கு. நீ ஏன் அவர்களை நல்லவர்கள் ஆக்கினாய்? அடி வாங்கினவள் நீ. தெருவில் ஒற்றையாக நடந்து போனவள் நீ. நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்லிச் சொல்லி, கடைசியில் உனக்கே அது நடந்துவிட்டதா? அல்லது ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவர்கள் தண்டவாளத்தில் இறங்கிய சத்தம் உள்ளே கேட்டுக்கொண்டுதான் இருந்ததா? என்னிடமாவது சொல்லியிருக்கலாம். நான் உன்னைத் தூக்கிப் படுக்க வைத்திருக்கிறேன், வாந்தியை அள்ளியிருக்கிறேன், முடி கொட்டிய தலைக்கு எண்ணெய் தடவியிருக்கிறேன். எனக்கும் அதே கதையைத்தானே சொன்னாய்?

நேற்று மீனாவின் போன். வீட்டைக் காலி செய்ய ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். பீரோவைத் திறந்து உன் பட்டுப்புடவைகளை உன் சிநேகிதிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்போகிறாளாம். எல்லோரையும் வரச் சொல்லியிருக்கிறாளாம். "மயில் கழுத்துக் கலர் பத்மா மாமிக்கு. அரக்குல பச்சை பார்டர் போட்டது வனஜா ஆன்ட்டிக்கு, அவ்வளவு ரசம் வச்சுக் குடுத்தாங்களே. கல்யாணப் புடவையை சுப்பு ஆன்ட்டிக்குக் குடுக்கலாம்னு இருக்கேன். நீங்க பட்டு கட்டமாட்டீங்கன்னு அம்மா சொல்லியிருக்காங்க, உங்களுக்கு ஒரு காட்டன் எடுத்து வைக்கிறேன். காலைல கொஞ்சம் சீக்கிரம் வந்து ஹெல்ப் பண்றீங்களா ஆன்ட்டி?"

வருகிறேன் என்றேன்.

ராத்திரி பூராவும் யோசித்தேன். சொன்னால், புடவைக்காகச் சொல்கிறாள் கிழவி என்று மீனா நினைக்கலாம். நினைக்கட்டும். அம்மாவை நினைத்து அவளுக்கு இருக்கிற ஒரே நிம்மதியை நான் பிடுங்குகிறேன் என்று நீ நினைக்கலாம். நீயும் நினைத்துக்கொள். அவள் அம்மாவுக்கு நல்ல சிநேகிதிகள் வாய்த்தார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். நாளைக்கு அவளுக்கு ஒன்று என்றால், உன்னைப் போலவே சிரித்துக்கொண்டு படுத்திருப்பாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. தன் அம்மா எத்தனை தனியாக இருந்தாள், அதை யாருக்கும் தெரியாமல் எப்படிச் சமாளித்தாள் என்று உன் மகளுக்குத் தெரிய வேண்டாமா?

அதனால் சத்தியம் செய்கிறேன் கோமதி. ஞாயிற்றுக்கிழமை காலையில் மற்றவர்கள் வருவதற்கு முன்னால் நான் வருவேன். மீனா பீரோச் சாவியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் அவளை உட்கார வைத்து, பிளாட்பாரத்தில் நடந்ததையும் கீழ்வீட்டில் நடந்ததையும் ஒன்றுவிடாமல் சொல்வேன். அதற்குப் பிறகும் அவள் அந்தப் புடவைகளை அவர்களுக்கே கொடுத்தால், நானே மடித்துக் கொடுக்கிறேன்.

கோபித்துக்கொள். உன்னை அடித்தவன் மேல் நீ கோபப்படவில்லை. விட்டுவிட்டுப் போனவர்கள் மேல் கோபப்படவில்லை. நான் சொல்லப்போவதற்காக என் மேலாவது கோபப்படு. உனக்கும் கோபம் வரும் என்று ஒருமுறையாவது எனக்குத் தெரியட்டும்.

உன் அண்ணனைக் கட்டிக்கொள்ளாத மதினி,
சரோஜா